இரைப்பைக் கிருமி இடம் தேடும் வகை

உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் ஆற்றலை நம் முன்னோர் வயிற்றுத் தீ என்றும் ஜாடராக்கினி என்றும் வழங்கினர். உவமையாகப் பிறந்த அச்சொல் உண்மைக்கு மிக அண்மையில் நிற்கிறது. இரைப்பையின் சுவரில் ஊறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பொருள்களை அரித்துக் கரைக்க வல்லது. அமிலத்தின் கடுமையைப் பி.எச். என்னும் அளவுகோலால் குறிப்பது வழக்கம். அதில் 7 என்பது நடுநிலை. எண் ஒன்று குறையுந்தோறும் கடுமை பத்து மடங்காகப் பெருகும். வெறும் வயிற்றில் ஊறும் சாற்றின் அளவு ஏறத்தாழ 1 முதல் 2 வரை. எனவே தூய நீரினும் இலட்சம் மடங்குக்கு மேல் அமிலத்தன்மை உடையது அது. உணவோடும் நீரோடும் நம்முள் புகும் கிருமிகளுள் பெரும்பாலானவை இங்கேயே மடிந்து போகின்றன.

இத்தகைய தீயின் நடுவே ஓர் உயிர் நிலையாகக் குடியிருத்தல் கூடுமோ? கூடாது என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் துணிபாக இருந்தது. அமிலம் இன்றேல் புண் இல்லை என்பது 1910-ஆம் ஆண்டில் ஷ்வார்ஸ் என்னும் மருத்துவர் வகுத்த விதி. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் மிகுந்த அமிலமே. அமிலம் மிகுவதற்குக் காரணம் மனக் கவலை, காரம், காலம் தவறிய உணவு, புகையிலை ஆகியவையே என்று பல தலைமுறைகள் நம்பின. சொந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிழைக்க வந்த நம்மவர் பலரும் தமக்கு வயிற்று வலி காணுமிடத்து, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, ஓட்டல் சாப்பாடு உடம்பைக் கெடுத்துவிட்டது என்றோ சொல்லித் தேறிக்கொள்வது வழக்கம். அக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இறுதியில் காண்போம்.

கிருமி பற்றிய குறிப்புகள் முன்பே இல்லாமற் போகவில்லை. நாயின் இரைப்பையில் சுருள் வடிவமுள்ள நுண்ணுயிர்கள் வாழ்வதை இத்தாலிய அறிஞர் பிட்ஸோஸெரோ 1893-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். 1924-இல் இரைப்பையின் உட்பரப்பில் யூரியேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. அந்நொதி உடலுக்கே உரியது என்று ஆராய்ந்தோர் கருதினர். அது வேறொருவர் வீட்டு அடுப்பிலிருந்து எழும் புகை என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை.

அவ்வீட்டுக்காரர் யாரென்று தெரிந்தது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்தில். அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்த் திசுக்களை ஆராய்ந்துவந்த ராபின் வாரன், 1979 முதல் வீங்கிய இரைப்பைத் திசுக்களில் வளைந்த கிருமிகளைத் தொடர்ந்து கண்டுவந்தார். 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தனியே வளர்க்கும் முயற்சி பல முறை தோற்றது. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாளில் எறிந்துவிடுவது அக்காலத்து முறை. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. அது மெல்ல வளரும் இயல்புடையது, காத்திருந்தவர்க்கே தோன்றியது.

எனினும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் தம் இரைப்பை நலமாக இருப்பதை முதலில் சோதித்துக்கொண்டு, அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. பத்தாம் நாள் குழாய் செலுத்திப் பார்த்தபோது இரைப்பை அழற்சியுற்றிருந்தது. கிருமியும் அங்கே இருந்தது. 1989-இல் அக்கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இப்போதைய பெயர் இடப்பட்டது. முற்பகுதி சுருள் வடிவைக் குறிக்கும். பிற்பகுதி இரைப்பையின் கீழ்வாயிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; கிரேக்க மொழியில் அதற்கு வாயில்காப்போன் என்பது பொருள். 2005-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வாரனுக்கும் மார்ஷலுக்கும் வழங்கப்பெற்றது.

இனி நம் பொருளுக்கு வருவோம். மூன்று மைக்ரோமீட்டர் நீளமும் அரை மைக்ரோமீட்டர் அகலமும் உடையது இக்கிருமி. முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் நிரம்பும். கண்ணோ செவியோ மூளையோ இல்லாத இச்சிற்றுயிர், தீயைக் கடந்து, தனக்குரிய இடம் எது என்று அறிந்து, அங்கே சென்று நிலைபெறுவது எங்ஙனம்?

இவ்விடத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. கிருமி அறிகிறது, உணர்கிறது, தேடுகிறது என்றெல்லாம் எழுத நேர்கிறது. அதற்கு மனம் உண்டு என்பது இதன் கருத்தன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியம், தொட்டு அறிதலை முதல் அறிவாகவும் சுவைத்து அறிதலை இரண்டாம் அறிவாகவும் வைத்தது. கிருமியின் அறிவு இவ்விரண்டையும் ஒத்தது. அதன் உடலிலுள்ள சில புரதங்களின் மீது ஒரு பொருள் வந்து படிந்தால் அப்புரதத்தின் வடிவம் சிறிது மாறும். அம்மாற்றம் அடுத்த புரதத்தை மாற்றும். அது மற்றொன்றை மாற்றும். முடிவில் ஒரு வாயில் திறக்கும், அல்லது ஒரு வால் சுழலும். உணர்வு என்று நாம் இங்கே சொல்வது இச்சங்கிலியையே.

முதலில் உயிர் தப்பும் வகையைக் காண்போம். நம் இரத்தத்தில் யூரியா என்னும் கழிவுப்பொருள் எப்போதும் உண்டு. அதில் ஒரு சிறு பகுதி இரைப்பைக்குள்ளும் கசிகிறது. கிருமியின் உடலில் மிகுதியாக உள்ள யூரியேஸ் நொதி, யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உடையதாதலின் அமிலத்தை முறிக்கிறது. கிருமி தன் உடற் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இந்நொதிக்கே செலவிடுகிறது என்றால் அதன் இன்றியமையாமை விளங்கும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அமிலம் இல்லாத இடத்தில் அம்மோனியா தொடர்ந்து உண்டாகுமாயின் கிருமியின் உடலே காரமாகி அது மடிந்துவிடும். நெருப்பை அணைக்க வந்த நீர் வீட்டையே மூழ்கடித்த கதையாகும். ஆதலின் கிருமியின் உட்சவ்வில் யூரியா புகுவதற்கென்றே ஒரு புரத வாயில் அமைந்திருக்கிறது. வெளியே அமிலம் மிகும்போது அது திறக்கிறது. நடுநிலை வந்ததும் மூடிக்கொள்கிறது. இவ்வாயிலின் வடிவத்தை 2013-இல் விஞ்ஞானிகள் நுட்பமாக வரைந்து காட்டினர். ஆறு வாயில்கள் ஒன்றையொன்று ஒட்டி வட்டமாக நிற்கின்றன. வாயில்காப்போன் என்னும் பெயர் கிருமிக்கு இவ்வகையிலும் பொருந்துகிறது.

வாயில் திறப்பது உடனடிக் காப்பு. நீடித்த காப்புக்கு வேறோர் ஏற்பாடு உண்டு. சவ்வில் நிற்கும் ஒரு காவற்புரதம் அமிலத்தின் வரவை உணர்ந்து, பாஸ்பேட்டு என்னும் அடையாளத்தை உள்ளேயுள்ள துணைப்புரதத்திடம் கொடுக்கிறது. துணைப்புரதம் மரபணுக்களைச் சென்றடைந்து, யூரியேஸை மேலும் ஆக்குக, இன்னின்ன புரதங்களைக் குறைத்துக்கொள்க என்று ஆணையிடுவது போலச் செயல்படுகிறது. யூரியேஸ் இயங்க நிக்கல் என்னும் உலோகம் தேவை. அதன் இருப்பை அறிந்து வரவைச் சீர்செய்யவும் தனிப் புரதம் ஒன்று உண்டு.

உயிர் தப்பினால் போதுமா? போதாது. இரைப்பையின் நடுவே கிருமி தங்கியிருந்தால், உணவு குடலுக்கு இறங்கும்போது தானும் அடித்துச் செல்லப்படும். கடும் அமிலத்தில் சில நிமிடங்களுக்குள் நீந்தும் ஆற்றலும் குன்றிவிடும். எனவே அது விரைந்து சுவரை நாடவேண்டும். இரைப்பைச் சுவரின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. படலத்தின் மேற்புறம் அமிலக்கடல். அடிப்புறமோ ஏறத்தாழ நடுநிலை. நம் சுவர் அமிலத்தால் அரிபடாமல் காக்க இயற்கை அமைத்த போர்வை இது. அப்போர்வைக்குள் நாம் உறங்குவது போல் கிருமியும் உறங்கப் பார்க்கிறது.

நீந்துவதற்கு அதன் ஒரு முனையில் நான்கு முதல் ஆறு வரை மெல்லிய வால்கள் உள்ளன. ஆனால் திசை தெரியவேண்டுமே! மல்லிகைப் பந்தலைத் தேடி இருளில் நடப்பவனை எண்ணிப் பாருங்கள். அவன் சில அடி நடந்து மூச்சை இழுக்கிறான். மணம் முன்னிலும் மிகுந்தால் அதே திசையில் மேலும் நடக்கிறான், குறைந்தால் திரும்புகிறான். கிருமியும் இவ்வாறே செய்கிறது. அதன் உடல் மிகச் சிறியதாதலின் தலைப்பக்கம் எவ்வளவு, வாற்பக்கம் எவ்வளவு என்று ஒப்பிடுவது எளிதன்று. சற்று முன் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று காலத்தைக் கொண்டே ஒப்பிடுகிறது. வேண்டாத பொருள் மிகுந்தால் அறிவிப்புப் புரதங்கள் வால்களின் சுழற்சியை மாற்றி அதைத் திருப்புகின்றன. வேண்டும் பொருள் மிகுந்தால் அவ்வறிவிப்பு தணிந்து, கிருமி நேரே செல்கிறது.

இவ்வாறு சுவைத்துத் திசை காட்டும் உணர்புரதங்கள் இக்கிருமிக்கு நான்கே. மூன்று அதன் சவ்வில் நிற்கின்றன. ஒன்று உடலுக்குள்ளே இருக்கிறது. அவற்றுள் டி.எல்.பி.-பி என்று குறிக்கப்படுவது அமிலத்தை விலக்கத்தக்கதாகவும் யூரியாவை நாடத்தக்கதாகவும் கொள்கிறது. அமிலம் குறையும் திசையும் யூரியா கசியும் திசையும் ஒன்றே. அதுவே சுவர் இருக்கும் திசை. மங்கோலிய ஜெர்பில் என்னும் சிறு பிராணிகளைக் கொண்டு 2004-இல் வெளியான ஆராய்ச்சி, சளிப்படலத்தின் அமில வேறுபாட்டை அழித்துவிட்டால் கிருமிகள் திசை தடுமாறிச் சிதறுகின்றன என்று காட்டிற்று.

2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் பிறரும் வெளியிட்ட முடிவு இதனினும் வியப்புக்குரியது. டி.எல்.பி.-பி புரதம் மிக மிகச் சிறிய அளவு யூரியாவையும் கண்டுகொள்கிறது. ஆனால் கிருமியைச் சுற்றிலும் ஏற்கெனவே யூரியா நிறைந்திருந்தால் என்ன ஆகும்? ஊர் முழுதும் மல்லிகை மணத்தால், பந்தல் எத்திசை என்று தெரியாது. இங்கே யூரியேஸ் இரண்டாவது தொண்டையும் ஆற்றுகிறது. தன்னைச் சூழ்ந்துள்ள யூரியாவைக் கிருமி பிளந்து அழித்துக்கொண்டே வருகிறது. பழைய மணம் அகன்றபின், சுவரிலிருந்து புதிதாக வரும் மணம் ஒன்றே எஞ்சுகிறது. உயிர் காக்கும் கேடயமே வழிகாட்டும் விளக்குமாகிறது.

மூன்றாவது தொண்டும் உண்டு. சளிப்படலம் அமிலத்தில் கெட்டிக் கூழாக இறுகும் தன்மையது. சுருள் வடிவமுள்ள கிருமி, தக்கையைத் துளைக்கும் திருகாணி போல அதைத் துளைத்துச் செல்கிறது என்று முன்பு எண்ணினர். 2009-இல் வெளியான சோதனைகள் வேறு உண்மையைக் காட்டின. கிருமி வெளியிடும் அம்மோனியா, சுற்றியுள்ள கூழின் அமிலத்தைத் தணிக்கிறது. கூழ் இளகி நீர்த்தன்மை அடைகிறது. அவ்விளகிய வழியில் கிருமி நீந்துகிறது. யூரியா கிடைக்காதபோது கிருமி கூழில் சிக்கி, வால் சுழன்றும் உடல் நகராமல் நின்றுவிடுகிறது.

சுவரை அடைந்தபின் பற்றிக்கொள்ள வேண்டும். கிருமியின் மேற்புறத்தில் உள்ள பேப்-ஏ என்னும் ஒட்டுப்புரதம், நம் இரத்த வகைகளோடு தொடர்புடைய ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றுகிறது. ஆனால் இரைப்பைச் சுவரின் மேற்செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியன தோன்றும். உதிரும் செல்லை விடாமல் பற்றிய கிருமி அதனோடு அமிலக்கடலில் விழுந்து அழிய வேண்டுமல்லவா? 2017-இல் அறியப்பட்ட விடை இது: அமிலம் மிகும்போது பேப்-ஏ தன் பிடியைத் தானே தளர்த்திவிடுகிறது, அமிலம் தணிந்ததும் மீண்டும் பற்றும் வலிமை பெறுகிறது. பழுத்து உதிரும் இலையை விட்டுத் தளிருக்குத் தாவும் பூச்சியைப் போலக் கிருமி மீண்டும் சளிப்படலத்துக்குள் நீந்திவிடுகிறது.

இன்னும் ஆழத்தில் உள்ளது அதன் உறுதியான கோட்டை. இரைப்பைச் சுவரில் கிணறு போன்ற நுண்ணிய சுரப்பிக் குழிகள் எண்ணிறந்தன உண்டு. திசையறிந்த கிருமிகளுள் சில அக்குழிகளுக்குள் இறங்கிப் பெருகுகின்றன. முதலில் குடியேறியவற்றின் வழித்தோன்றல்கள் அக்குழியைத் தமதாக்கிக்கொண்டு, பின்னர் வருவனவற்றுக்கு இடம் தராமல் இருப்பதை எலிகளிற் செய்த சோதனைகள் 2019-இல் காட்டின. சுவரில் காயம் ஏற்பட்டால் சில நிமிடங்களுக்குள் கிருமிகள் அவ்விடத்தை நாடித் திரள்வதும் எலிகளில் காணப்பட்டிருக்கிறது. அழற்சியின்போது நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவே உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை இக்கிருமியின் உட்புற உணர்புரதம் கண்டுகொள்கிறது. அதைக் கண்டு கிருமி ஓடுவதில்லை. அதை நோக்கியே செல்கிறது. பகைவரின் பறையொலியே அதற்கு ஊர் இருக்கும் திசையை அறிவிக்கிறது போலும்.

இவ்வளவும் உண்மையிலேயே இன்றியமையாதனவா என்று கேட்கலாம். விஞ்ஞானிகள் திசையறியும் புரதங்களை மட்டும் நீக்கிய கிருமிகளை ஆக்கி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவை நன்றாக நீந்தின. ஆயினும் தொடக்கத்தில் நிலைபெறுவதில் மிகவும் பின்தங்கின. சுரப்பிக் குழிகளில் சரிவர இறங்கவில்லை. யூரியேஸ் இல்லாத கிருமியோ இரைப்பையில் தங்கவே இயலவில்லை. வலிமை இருந்தும் வழி தெரியாதவன் பிழைப்பது அரிது என்பது கிருமிக்கும் பொருந்துகிறது.

இந்நுட்பங்களால் நமக்கு நேர்வது என்ன? உலக மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இக்கிருமியைத் தாங்கியிருக்கின்றனர். நம் நாட்டில் வயது வந்தோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது உண்டு. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் ஒரு துன்பமும் அறியார். நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் புண் உண்டாகிறது. உலகக் கணக்கில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது.

இனி ஊர்த் தண்ணீர் பற்றிய பேச்சுக்கு வருவோம். இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, குடும்பத்தினுள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, வாய்வழியாகவோ அசுத்தத்தின் வழியாகவோ தொற்றுகிறது. எனவே நாற்பதாம் வயதில் வெளியூரில் வலி கண்டவர், அக்கிருமியைத் தம் பிறந்த வீட்டிலிருந்தே கொண்டுவந்திருத்தல் கூடும். புதிய ஊரின் மீது பழி சுமத்துவதற்கு முன் இதை நினைக்கவேண்டும். மனித குலம் ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோதே இக்கிருமி உடன் வந்தது என்று மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனித உடலிலும் இது இருந்தது. இன்று மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகைக்கு அது நெருங்கிய உறவுடையது என்று 2016-இல் கண்டனர். குடிபெயர்ந்தோருடன் தானும் குடிபெயர்வது இதன் பழைய வழக்கம்.

காரமும் கவலையும் வலியைக் கூட்டக்கூடும். எனினும் பெரும்பாலான புண்களுக்கு மூலகாரணம் இக்கிருமியோ, ஆஸ்பிரின் முதலிய வலிநீக்கி மாத்திரைகளோ ஆகும். சோடா உப்பும் அமிலம் தணிக்கும் மருந்தும் எரிச்சலை அடக்கும், கிருமியை அகற்றா. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அடையாளமிட்ட கரி அணு கொண்ட யூரியாவைக் குடிக்கச் செய்து, மூச்சுக்காற்றை ஆராய்கின்றனர். கிருமி இருந்தால் யூரியேஸ் அதைப் பிளக்கும். அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் வெளிப்படும். கிருமியைக் காத்த நொதியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உண்டுவருபவர்க்குச் சோதனை பொய்த்துப்போகக்கூடும். எனவே ஒமிப்ரஸோல் போன்றவற்றை இரண்டு வாரமும், கிருமிக்கொல்லி மருந்துகளை நான்கு வாரமும் முன்னதாக, மருத்துவரின் சொற்படி, நிறுத்திவைக்க வேண்டும்.

சிகிச்சையில் மட்டும் அமிலந்தணிக்கும் மருந்தையும் சேர்த்துத் தருவது ஏன் என்று ஐயம் எழலாம். கடும் அமிலத்தில் கிருமி வளராமல் தன்னைக் காத்துக்கொண்டு கிடக்கும்; அமாக்ஸிஸிலின் போன்ற மருந்து வளர்ந்து பெருகும் கிருமியையே கொல்லும். அமிலம் தணிந்ததும் நல்ல காலம் வந்ததென உணர்ந்து கிருமி வளரத் தொடங்குகிறது; அப்போது மருந்துக்கு இரையாகிறது. அதன் உணர்வே அதற்குப் பொறியாகிறது.

சிகிச்சை பொதுவாகப் பதினான்கு நாட்கள். இரண்டு மூன்று நாளில் வலி நின்றவுடன் மாத்திரையை நிறுத்துவோர் பலர். சுரப்பிக் குழிகளில் எஞ்சிய சில கிருமிகள் போதும், மீண்டும் சுவர் முழுதும் பரவ. தப்பியவை மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றவையாகவும் இருக்கக்கூடும். நம் நாட்டில் மெட்ரோனிடஸோல் என்னும் மருந்துக்கு இக்கிருமியின் எதிர்ப்பு ஏற்கெனவே மிகப் பரவிவிட்டது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி அரைகுறையாக உண்பதன் விலையை அடுத்து வரும் நோயாளியும் சேர்த்துச் செலுத்துகிறார். முடித்தபின் கிருமி அகன்றதா என்று மறுமுறை சோதித்துக்கொள்வதும் நலம்.

கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். கைகளைக் கழுவி உண்பதும், தூய நீரைப் பருகுவதும், குழந்தைக்கு உணவை மென்று ஊட்டாதிருப்பதும் வீட்டிலேயே செய்யத்தக்க காப்புகள். நான்கே உணர்புரதங்களைக் கொண்டு தனக்குரிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும் கிருமியின் முன், ஆறறிவு படைத்த நாம் நம் உடல் தரும் குறிப்பைப் புறக்கணித்திருத்தல் தகுமோ என்பதை நேயர்களே முடிவுசெய்துகொள்ளலாம்.